வன்னியில் நோய்த்துணையும் செய்தித் தொடர்பும்

நோயுற்றோரைப் பேணுதல் குடும்பத்தின் கடன் என்பது நம்மவர் வாழ்வில் ஆழ வேரூன்றிய கருத்தாகும். ஆயின் அக்கடனை ஆற்றுவதற்குப் பரிவு மட்டும் போதாது. வைத்தியசாலையில் துணைக்கு நிற்பவர் யார், வீட்டிற் பிள்ளைகளைப் பார்ப்பவர் யார், பணத்துக்கு வழி என்ன என்பனவற்றைப் பிரிந்து வாழும் உறவினர் தமக்குள் பேசி முடித்தல் வேண்டும். அப்பேச்சுக்கு உதவிய சாதனங்கள் வன்னிப் பெருநிலப்பரப்பில் எவ்வாறு பயன்பட்டன என்பதை ஈண்டு நோக்குவோம்.

வன்னிக் குடும்பங்கள் பல ஓரிடத்தில் வேரும் பிறிதோரிடத்திற் கிளையும் கொண்டவை. இரணைமடுக் குளத்தை நம்பி இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிற் குடியேறியோருட் பலர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் உறவுகளை விட்டு வந்தவர்கள். 1977ஆம் ஆண்டு வன்செயலின்பின் வந்த மலையகத் தமிழரின் உறவுகளோ தோட்டப்புறங்களில் இருந்தனர். இத்தகையோருக்குத் தபாற்கந்தோர்த் தந்தியும், 1905இல் கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைத்த புகையிரதப் பாதையும் கைகொடுத்தன. தந்தி சில சொற்களில் ஆபத்தை உணர்த்திற்று. புகையிரதம் ஆளைக் கொண்டுவந்து சேர்த்தது. பாதை எட்டாத முல்லைத்தீவுக்கு மாங்குளத்தில் இறங்கித் தெருவழியே செல்லவேண்டியிருந்தது. எனினும் செய்தி செல்லும் வழியும் ஆள் செல்லும் வழியும் ஒருங்கே திறந்திருந்தன.

போர் இவ்விரு வழிகளையும் அடைத்தது. 1990இல் வன்னியூடான புகையிரத சேவை அறுந்தது. 2002இல் திறந்த ஏ9 பாதை 2006 ஆகஸ்டில் முகமாலையில் மீண்டும் மூடப்பட்டது. 1989 முதல் இலங்கையிற் பணியாற்றிய சர்வதேச செஞ்சிலுவைக் குழு, நோயாளர் போக்குவரத்துக்கு உதவியதோடு, குடும்பச் செய்தி மட்டும் எழுதத்தக்க திறந்த மடல்களையும் சுமந்து சென்றது. மின்சாரமும் கம்பியும் வேண்டாத அம்மடலே பலருக்கு எஞ்சிய தொடர்புச் சாதனமாயிற்று.

2009இல் நிலைமை உச்சத்தை எட்டியது. பெப்ரவரி 10ஆம் திகதி புதுமாத்தளனிலிருந்து கடல்வழியாகத் திருகோணமலைக்கு நோயாளரை ஏற்றிச் செல்லும் பணி தொடங்கிற்று. மே 9ஆம் திகதிவரை நோயாளர், காயமுற்றோர், உடன்சென்ற உறவினர் என 13,000க்கு மேற்பட்டோர் இவ்வாறு கொண்டுசெல்லப்பட்டனர். குடும்பம் முழுவதும் கப்பலேற இயலாது. துணையாகச் செல்பவர் நோயாளியைக் காக்கலாம். கரையில் நிற்போரின் கதியை அறியார். பேணுதற்குரிய கடனே குடும்பத்தைப் பிரித்த கொடுமை இது. பின்னர் செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில் ஒருவரும், தூரத்து வைத்தியசாலையில் ஒருவருமாகத் தேடியலைந்த துயரும் இதன் தொடர்ச்சியே.

இன்று நிலைமை வேறு. புகையிரதம் 2013இற் கிளிநொச்சியையும் 2014இல் யாழ்ப்பாணத்தையும் மீண்டும் அடைந்தது. கைத்தொலைபேசி குடிசைதோறும் புகுந்துள்ளது. புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் தெல்லிப்பழைக்கோ மகரகமைக்கோ செல்லும் ஒருவரின் பரிசோதனை அறிக்கை, வாட்ஸ்அப் வழியே ரொறன்ரோவிலும் பாரிசிலும் உள்ள உடன்பிறப்புகளைக் கணத்தில் அடைகின்றது. யார் பணம் அனுப்புவது, எந்த வைத்தியரைக் காண்பது என்பன அங்கேயே முடிவாகின்றன.

ஆயினும் முடிவுகளைப் பகிரும் கருவி கண்விழிப்பைப் பகிர்வதில்லை. கட்டிலருகே நிற்பவர் பெரும்பாலும் ஒருவரே. அவர் பெரும்பாலும் பெண்ணே. போரில் உறவுகளை இழந்து, எஞ்சியோரும் புலம்பெயர்ந்துவிட்ட வீடுகளில் அவருக்கு மாற்றாள் கிடைப்பது அரிது. தந்திக் காலத்திற் செய்தி மெல்ல வந்தது. ஆனால் அதன்பின்னே ஆள் வந்தார். இன்று செய்தி பறந்து வருகின்றது, ஆள் வருவதில்லை. எனவே தூரத்துறவுகள் ஆலோசனையுடன் நின்றுவிடாது, அருகில் நிற்பவரின் ஓய்வுக்கும் மாற்றுத் துணைக்கும் வழிசெய்தலே தொழில்நுட்பத்தை முறையாகப் பயன்கொள்வதாகும் என்பது வன்னி வரலாறு நமக்குணர்த்தும் உண்மையாம்.