ஜூலியா என்றொரு 'பெண்'

நாலு பேர் கூடிப் பேசும் இடத்தில் கணினி நிரல் ஒன்றும் ஆளோடு ஆளாக உட்கார்ந்து பேசுவது ஏதோ நேற்று வந்த வித்தை என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகுதானே இந்தப் பேச்சே அடிபடுகிறது! ஆனால் கதை அதற்கும் முப்பது வருடங்கள் முந்தியது.

1989-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஆஸ்ப்னஸ் என்ற ஆராய்ச்சி மாணவர் 'டைனிமட்' என்றொரு கணினி விளையாட்டை எழுதினார். பெயர்தான் விளையாட்டு. வெற்றி தோல்வி கிடையாது, படமும் கிடையாது. எல்லாம் எழுத்துதான். எங்கெங்கோ இருப்பவர்கள் புனைபெயரில் உள்ளே வருவார்கள். கற்பனையாக அறைகள் கட்டுவார்கள், அறைக்கு அறை போவார்கள், தட்டச்சு செய்தே அரட்டை அடிப்பார்கள். கணினிக்குள் ஒரு திண்ணை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்தத் திண்ணைக்கு வந்து சேர்ந்தவள்தான் ஜூலியா. அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் மால்டின் எழுதிய நிரல் அவள். (பின்னாளில் 'லைகோஸ்' என்ற தேடுபொறியை உருவாக்கியவரும் இவரே.) ஜூலியா அறை அறையாகச் சுற்றி வருவாள். வழி கேட்டால் சொல்வாள். இன்னாரைப் பார்த்தாயா என்றால், எப்போது பார்த்தாள் என்று சொல்வாள். ஒருவர் சொன்ன செய்தியை இன்னொருவரிடம் சேர்ப்பாள். பதில் தெரியாவிட்டால் பேச்சை ஐஸ் ஹாக்கி பக்கம் திருப்பிவிடுவாள்!

இவளுக்கும் ஒரு பாட்டி உண்டு. 1966-ல் எம்.ஐ.டி.யின் ஜோசப் வைசன்பாம் எழுதி வெளியிட்ட 'எலிசா'. நாம் சொன்னதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும் நிரல், அவ்வளவுதான். ஆனாலும் அது உருவாவதைக் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனுடன் பேசத் தொடங்கியதும் அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம். வைசன்பாம் அதிர்ந்துபோனார். கணினியிடம் எதை ஒப்படைக்கக் கூடாது என்று 1976-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

எலிசாவிடம் பேசிய செயலாளருக்கு எதிரே இருப்பது இயந்திரம் என்று தெரியும். டைனிமட்டில் அப்படியில்லை. அங்கே மனிதரும் ஒரு பெயரும் சில வரிகளும்தான்; ஜூலியாவும் அப்படியே. எப்படிப் பிரித்தறிவது?

எம்.ஐ.டி.யின் லெனர்ட் ஃபோனர் 1993-ல் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஓர் இளைஞர் ஜூலியாவைப் பெண்ணென்று நம்பி நாள்கணக்கில் காதல் பேச்சுப் பேசினார். அவளும் ஏதேதோ பதில் சொன்னாள். கடைசிவரை அவருக்கு உண்மை புரிந்ததாகத் தெரியவில்லை. படித்தால் முதலில் சிரிப்பு வரும். கொஞ்சம் கழித்துப் பாவமாக இருக்கும். வேறொரு பெண்ணுக்கு இவளுடைய பேச்சு விசித்திரமாகப் பட்டது. நிரல் என்று தெரிந்த பிறகுதான் அவருக்கு மனம் லேசானது.

ஜூலியாவால் உபகாரம் இல்லாமல் இல்லை. நிரல் என்று தெரிந்தே அவளிடம் வழி கேட்டவர்களுக்கு ஒரு சங்கடமும் இல்லை. மனசைக் கொடுத்தவருக்குத்தான் நஷ்டம். அவளுடைய சாமர்த்தியத்தைவிட, யாராவது நம்மோடு பேசினால் போதும் என்று ஏங்கும் மனித சுபாவமே அவரை ஏமாற்றியது.

மால்டின் 1994-ல் எழுதிய கட்டுரையில் இத்தகைய நிரல்களைச் 'சாட்டர்பாட்' என்றார். இன்றைய 'சாட்பாட்' அந்தப் பெயரின் சுருக்கம்தான்.

ஜூலியா உளறினாள். அதனால் சீக்கிரமே பிடிபட்டாள். இப்போது வருபவை உளறுவது குறைவு. பண்பாகப் பேசுகின்றன, துக்கம் விசாரிக்கின்றன. பிள்ளைகள் வெளியூரில், பகலில் பேச்சுத்துணைக்கு ஆளில்லை என்ற நிலையில் நம்மில் எத்தனை பேர்! பேசுங்கள், தப்பில்லை. மருந்தின் பெயரோ ரயில் நேரமோ கேளுங்கள், சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் முகம் தெரியாத ஒருவர் ரொம்பப் பிரியமாகப் பேசினால், பேசுவது யார் என்று முதலில் கேட்டுவிடுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், ஜூலியாவின் ஐஸ் ஹாக்கியை நினைத்துக்கொள்ளுங்கள்.