பூதத்துக்குக் கடன் கொடுத்தவர்

நாக்பூருக்கு மாற்றலாகி வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் எங்கள் வீட்டில் படம்தான். வெளியே வெயில் கொளுத்தும், ஊரில் தெரிந்தவர்களும் குறைவு, வேறென்ன செய்ய? போன வாரம் படத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை பையனுடையது. 'தி லெஜண்ட் ஆஃப் பாகி கிரீக்' என்று ஒரு பழைய அமெரிக்கப் பேய்ப்படத்தைப் போட்டான். பேய்ப்படம் என்றதுமே தங்கமணி சமையலறைக்குக் கிளம்பிவிட்டார். நானும் பத்து நிமிஷத்தில் தூங்கிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

தூங்கவில்லை. ஆனால் பயத்தினால் அல்ல. 'இந்தப் படத்துக்கு எவன்டா பணம் கொடுத்தான்?' என்ற கேள்வி வந்துவிட்டது. இருபது வருஷமாகக் கடன் விண்ணப்பங்களையே பார்த்துக்கொண்டிருப்பவன் புத்தி வேறெங்கே போகும். தேடிப் படித்ததில், பணத்தின் கதை படத்தின் கதையைவிட நன்றாக இருந்தது.

முதலில் ஊர். அமெரிக்காவில் டெக்சஸ், ஆர்கன்சா ஆகிய இரண்டு மாநிலங்களின் எல்லைமேல் உட்கார்ந்திருக்கும் நகரம் டெக்சர்கானா. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், ஆர்கன்சா பக்கம், ஃபவுக் என்று ஒரு சிற்றூர். சில நூறு பேர்தான். சுற்றிலும் சல்ஃபர் ஆற்றுப் படுகை, சதுப்பு, அடர்ந்த காடு. அந்தக் காட்டில் உடம்பெல்லாம் ரோமத்தோடு, ஏழடி உயரத்தில், இரண்டு காலில் நடக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று அங்கே வெகுநாளாகப் பேச்சு. நம்மூர்ப் புளியந்தோப்பு முனி மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன்.

1971 மே மாதம் அந்தப் பேச்சு செய்தியானது. ஃபவுக்குக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பம், ராத்திரி ஜன்னல் வழியாக ஒரு கை உள்ளே வந்தது என்றது. ஆண்கள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடி இருட்டில் சுட்டார்கள். ஒருவர் சிராய்ப்புகளோடும் அதிர்ச்சியோடும் டெக்சர்கானா ஆஸ்பத்திரிக்குப் போனார். அப்புறம் ஒரு சோயா வயலில் மூன்று விரல் கால்தடம் கிடைத்தது. உடனே வெளியூர் ஆட்கள் துப்பாக்கியும் கையுமாகக் குவிய ஆரம்பித்தார்கள். லிட்டில் ராக் நகரத்து வானொலி நிலையம் ஒன்று, பிராணியைப் பிடித்தால் 1,090 டாலர் பரிசு என்று அறிவித்தது. அதென்ன கணக்கு 1,090 என்றால், அந்த நிலையத்தின் அலைவரிசை எண்ணே அதுதான். விளம்பரத்துக்கு விளம்பரம்! கடைசியில் பிராணியைவிட வேட்டைக்காரர்கள்தான் ஆபத்து என்று, துப்பாக்கி கொண்டுவரக் கூடாது என ஷெரிஃப் தற்காலிகமாகத் தடை போட வேண்டியதாயிற்று.

டெக்சர்கானாவில் விளம்பரத் தொழில் செய்துகொண்டிருந்தார் சார்ல்ஸ் பி. பியர்ஸ். அதற்கு முன் டிவியில் வானிலை சொன்னவர், குழந்தைகள் நிகழ்ச்சி நடத்தியவர். முழுநீளப் படம் எடுத்த அனுபவம் பூஜ்யம். அவருடைய விளம்பர வாடிக்கையாளர்களில் ஒருவர், லாரிக்கு ட்ரெய்லர் செய்யும் லெட்வெல் கம்பெனிக்காரர். அவரிடம் போய், 'பூதத்தைப் பற்றிப் படம் எடுக்கிறேன், பணம் கொடுங்கள்' என்றார் பியர்ஸ். அவரும் சுமார் 1 லட்சம் டாலர் கொடுத்தார்! மொத்தப் பட்ஜெட்டே சுமார் 1,60,000 டாலர்தான். அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 12 லட்சம் ரூபாய்.

சிக்கனத்தைப் பார்த்தால் ஆடிட்டர்களே அசந்துபோவார்கள். நடிகர்கள் யார்? ஃபவுக் ஜனங்களேதான். நிறையப் பேர் தங்களாகவே நடித்தார்கள். உதவிக்குப் பள்ளி மாணவர்கள். இயக்கமும் கேமராவும் பியர்ஸ். படத்தில் ஒரு பாட்டு வருகிறதே, அதைப் பாடியதும் அவர்தான் (வேறு பெயரில்). டெக்னிஸ்கோப் என்ற முறையில் எடுத்தார்கள். ஒரு பிரேமுக்கு வழக்கமான நான்கு துளைக்குப் பதில் இரண்டே துளை, அதாவது பிலிம் செலவு பாதி. பூத வேஷம் அப்படியொன்றும் பிரமாதமில்லை. அதனால் அதை மரத்துக்குப் பின்னாலும் இருட்டிலுமே வைத்திருந்தார்கள். வசதியில்லாமல் செய்ததுதான் கடைசியில் பயமாக வேலை செய்தது. கிராமத்து ஆள் கேமராவைப் பார்த்துக் கூச்சத்தோடு 'நான் பார்த்தேன்' என்று சொல்லும்போது, கொஞ்சம் நம்பத்தான் தோன்றுகிறது.

1972 ஆகஸ்டில் டெக்சர்கானாவில் ரிலீஸ். வரிசை தெருவைச் சுற்றி நின்றது. குழந்தைகளும் பார்க்கலாம் என்ற 'ஜி' சான்றிதழ் வேறு இருந்ததால் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். டிரைவ்-இன் தியேட்டர்களில் வருஷக்கணக்கில் ஓடி, சுமார் 2 கோடி டாலர் வசூல் என்கிறார்கள். போட்டதைப் போல 125 மடங்கு.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல வருஷம் முன்னால் வேலூர் பக்கம் ஒரு கிளையில் இருந்தபோது, கல்யாண வீடியோ எடுக்கும் பையன் ஒருவன் 3 லட்சம் கடன் கேட்டு வந்தான். தன் ஊர் முனி கதையை, ஊர்க்காரர்களையே வைத்துப் படமாக எடுப்பானாம். செக்யூரிட்டி என்ன, ஜாமீன் யார், வருமானம் எப்படி வரும் என்று கேட்டேன். எதற்கும் பதில் இல்லை. விண்ணப்பப் படிவம்கூடக் கொடுக்காமல் அனுப்பினேன். போவதற்கு முன் அவன் முனி கதையைச் சொல்ல ஆரம்பித்தான், நான் 'அடுத்து யார்?' என்றேன். அந்த நாற்காலியில் இன்றைக்கு பியர்ஸ் வந்து உட்கார்ந்தாலும் கடன் கொடுத்திருக்க மாட்டேன். விதி அப்படி. ஆனால் கதையையாவது கேட்டிருக்கலாம்.

வசூலில் ஊருக்கு என்ன வந்தது? படத்தில் வரும் ஸ்மோக்கி கிராப்ட்ரீ அந்த ஆற்றுப் படுகையில் வேட்டையாடி வாழ்ந்த மனிதர். அவர் மகனும் நடித்தார். 1974இல் அந்தப் பூதத்தையும் படத்தையும் பற்றித் தன் தரப்பைச் சொல்லி ஸ்மோக்கி ஒரு புத்தகமே எழுதினார். படம் வந்த விதத்தில் அவருக்கு மனக்குறை உண்டு. 125 மடங்கு என்று படித்த பிறகு, அந்தக் கூச்ச முகங்களை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்களா என்றெல்லாம் யோசனை போயிற்று.

பியர்ஸ் அதன்பின் நிறையப் படம் எடுத்தார். 1946இல் டெக்சர்கானாவில் நடந்த தொடர் கொலைகளை வைத்து 1976இல் எடுத்தது பேர்பெற்றது. 2010இல் காலமானார். 1999இல் காட்டுக்குள் கேமராவோடு போகும் இளைஞர்களை வைத்து 'பிளேர் விட்ச்' எடுத்தவர்களும் இந்தப் பாகி கிரீக்கின் தாக்கத்தை ஒப்புக்கொண்டவர்கள்தான். இடையில் பல வருஷம் மங்கலான பிரதிகளாகத்தான் படம் சுற்றிக்கொண்டிருந்தது. பியர்ஸின் மகள் முயற்சி எடுத்துச் சீரமைத்து, 2019இல் டெக்சர்கானாவிலேயே மறுபடி திரையிட்டார். நாங்கள் பார்த்தது அந்தப் பளிச்சென்ற பிரதி.

படத்தில் ஒருவர் ராத்திரி பாத்ரூமில் இருக்கும்போது ஜன்னல் வழியாகக் கை வரும் காட்சி ஒன்று உண்டு. 'இதெல்லாம் ஒரு பயமா' என்று பையன் சிரித்தான். அன்று ராத்திரி இரண்டு மணிக்குப் பாத்ரூம் போக என்னை எழுப்பினான்.