ஒரே கூரையின் கீழ் இரு கண்டுபிடிப்புகள்

கம்பியில் ஓடும் மின்சாரம் தன்னில் ஒரு பகுதியை வெப்பமாக இழந்தே தீரும் என்பது பள்ளிப் பாடம். 1911-ஆம் ஆண்டில், ஹாலந்து நாட்டு லெய்டன் நகரில் காமர்லிங் ஓன்ஸ் என்னும் அறிஞர் பாதரசத்தை மைனஸ் 269 பாகை சென்டிகிரேட் வரை குளிர்வித்தபோது, அவ்விழப்பு அடியோடு மறைந்தது. இவ்வியல்புடைய பொருளே மீக்கடத்தி. எனினும் அத்துணைக் குளிருக்கு விலைமிக்க திரவ ஹீலியம் வேண்டியிருந்தது.

1986-இல், சுவிட்சர்லாந்தின் ரூஷ்லிக்கோனிலுள்ள ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் முல்லர், பெட்னோர்ஸ் என்னும் இருவர் புதுவழி கண்டனர். அவர்கள் எடுத்துக்கொண்டது உலோகமன்று. லாந்தனம், பேரியம், செம்பு, பிராணவாயு ஆகியவை கூடிய, மட்பாண்டம் போல் நொறுங்கும் பொருள். மறு ஆண்டே அமெரிக்காவில் வூ, பால் சூ முதலியோர், இட்ரியம் சேர்ந்த அத்தகைய பொருளொன்று மைனஸ் 180 பாகையிலேயே மீக்கடத்தியாவதைக் கண்டனர். மைனஸ் 196 பாகையில் கொதிக்கும் மலிவான திரவ நைட்ரஜனே இதற்குப் போதுமன்றோ!

இப்பொருளின் உயிர்நிலை பிராணவாயுவிலேயே உள்ளது. அதன் ஓர் அலகில் 6 பிராணவாயு அணுக்கள் இருப்பின் மின்சாரம் பாயாது; 7-ஐ நெருங்கினால் அது சிறந்த மீக்கடத்தி. சூளையில் 900 பாகையளவில் சுடும்போது இவ்வணுக்களிற் பல வெளியேறிவிடும். ஆகவே, பிராணவாயு சூழப் பையப் பைய ஆறவைத்தல் வேண்டும். அப்போது அவை உள்ளே நகர்ந்து, செம்பணுத் தொடர்களின் இடைவெளிகளில் அமரும். அவசரப்பட்டால் பண்டம் பாழ்.

எந்த அணு எங்கே அமர்ந்தது என்று காண்பது எவ்வாறு? அதற்கான கருவியும் அதே ஆராய்ச்சிக்கூடத்தில் 1981-இல் பிறந்தது. பின்னிக், ரோரர் இருவரும் கூரிய உலோக முனையொன்றைப் பொருளின் மேற்பரப்பைத் தொடாமல், மிக அணுக்கமாக நகர்த்தினர். இடைவெளியைத் தாண்டும் சிறு மின்னோட்டம், ஓர் அணுவின் பருமனுக்குங் குறைவான மேடுபள்ளத்தையும் காட்டிவிடும். 1986-இல் இவ்விருவரும், 1987-இல் முல்லரும் பெட்னோர்ஸும் நோபல் பரிசில் பங்குபெற்றனர். பின்னிக்கும் பெட்னோர்ஸும் 1980-இலேயே மீக்கடத்தி பற்றி ஒரே கட்டுரையில் இணைந்து எழுதியவர்கள்!

2005-இல் அமெரிக்கக் கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், பிஸ்மத் சேர்ந்த மீக்கடத்தியில் இம்முனையைச் செலுத்தி, மிகுதியாகச் சேர்ந்த பிராணவாயு அணுக்களின் இருப்பிடங்களை வரைபடமாக்கினர். அவ்வணுக்கள் அமர்ந்த இடந்தோறும் எலெக்ட்ரான்களின் நடத்தை மாறுபட்டிருந்தது. ஒரே சீராகத் தோன்றும் பொருள், உள்ளே இடத்துக்கிடம் வேறாயிருந்தது என்க.

இப்பொருள்கள் ஏன் மீக்கடத்திகளாகின்றன என்பதற்கு அறிஞர் அனைவரும் ஒப்பும் விடை இன்னும் கிட்டவில்லை. ஆயினும், விடை தேடுவோர் அணுவின் இருப்பிடத்தையே அறிந்து கேள்வி கேட்கும் நிலை எய்தியுள்ளனர். பொருளும், அதைக் காணும் கண்ணும் ஒரே கூரையின் கீழ்த் தோன்றிய வரலாறு இது.