மரியோ மெதுவாக ஓடிய ஊர்

போன மாதம் ஜப்பானிலிருந்து ஒரு பழைய பெட்டி வீடு வந்து சேர்ந்தது. ஆபீஸ் வேலையாக டோக்கியோ போன நண்பரிடம் காலில் விழாத குறையாகச் சொல்லி வைத்து வாங்கியது. நிண்டெண்டோவின் ஃபேமிகாம், 1993 டிசம்பரில் வந்த ஏவி மாடல். அங்கே கரண்ட் 100 வோல்ட், தில்லியில் 230. நேரடியாகச் செருகினால் அடாப்டர் புகைந்துவிடும் என்பதால் ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கினேன். வீட்டம்மா அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, காபி ஆறுவதற்குள் சூப்பர் மரியோவைப் போட்டேன். முதல் லெவலிலேயே குழியில் விழுந்தேன். மறுபடியும் விழுந்தேன். பன்னிரண்டு வயதில் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய குழி ஐயா அது! வயசாகிவிட்டது என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது, மரியோ வேகமாக ஓடுகிறார். பாட்டும் எதையோ துரத்திக்கொண்டு ஓடுகிற மாதிரி இருக்கிறது. ஏமாந்துவிட்டோமோ, பெட்டியில் ஏதோ கோளாறோ என்று வயிற்றைக் கலக்கியது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பரணிலிருந்து எடுத்து வந்த மஞ்சள் கேசட் ஒன்று மேஜை டிராயரில் இருந்தது. (கார்ட்ரிட்ஜ் என்பதுதான் சரியான பெயராம். தஞ்சாவூரிலும் சரி தில்லியிலும் சரி, அதை கேசட் என்று சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். நானும் அப்படியே சொல்கிறேன்.) அதை ஜப்பான் பெட்டியில் செருகிப் பார்த்தேன். அழகாகப் பொருந்தியது. ஆனால் அதிலும் மரியோ அதே வேகத்தில் ஓடினார். ஆக, கேசட்டில் தப்பில்லை. வித்தியாசம் பெட்டியில்தான். ஜப்பான் பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. நான் சிறுவயதில் ஆடியதுதான் மெதுவாக ஓடியிருக்கிறது!

விஷயம் இதுதான். ஜப்பானின் டிவி நொடிக்கு 60 முறை படம் காட்டும். நம்முடைய பால் முறை டிவி 50 முறை. அந்தக் கால கேம்கள் பெரும்பாலும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அடி என்று கணக்கு வைத்து ஓடுபவை. நம் டிவிக்காகச் செய்த நகல் பெட்டிகள் ஜப்பான் கேமை அப்படியே எடுத்து 50-க்கு ஓட்டின. ஆறில் ஐந்து பங்கு வேகம். சூப்பர் மரியோவில் மேலே 400 என்று ஆரம்பித்துக் குறைந்துகொண்டே வருமே, அதில் ஒவ்வொரு எண்ணுக்கும் 24 படம். ஜப்பான் பெட்டியில் அந்த 400 தீர்வதற்கு ஏறக்குறைய 2 நிமிடம் 40 நொடி ஆகும். நம் வீட்டுப் பெட்டியில் 3 நிமிடம் 12 நொடி. பாட்டின் சுருதி ஏறக்குறைய அதேதான், தாளம் மட்டும் இழுத்து வரும். அந்த இழுவைதான் என் காதில் மரியோ பாட்டாக இன்றும் இருக்கிறது.

சரி, நம் வீடுகளுக்கு நகல் மட்டும் எப்படி வந்து சேர்ந்தது? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மசாயுகி உவெமுரா என்ற பொறியாளரின் தலைமையில் உருவான ஃபேமிகாம், 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் 14,800 யென்னுக்கு விற்பனைக்கு வந்தது. இரண்டு வருடம் கழித்து இதையே உருவம் மாற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது, அனுமதி இல்லாத கேசட் ஓடாதபடி உள்ளே ஒரு பூட்டுச் சிப்பும் வைத்தார்கள். ஜப்பான் பெட்டியில் அந்தப் பூட்டு கிடையாது. கேசட்டின் காலும் வேறு, ஜப்பானில் 60, அமெரிக்காவில் 72. பூட்டில்லாத வீட்டுக்குள் நுழைவது சுலபம் அல்லவா? தைவானின் யுஎம்சி நிறுவனம் ஃபேமிகாமின் மூளைச் சிப்புக்கும் படச் சிப்புக்கும் நகல் தயாரித்தது. படச் சிப்பில் பால் டிவிக்கென்றே தனி ரகம் உண்டு. இந்தச் சிப்புகளை வைத்து ஆளாளுக்கு ஒரு பெட்டி செய்தார்கள். நம் மஞ்சள் கேசட்டுக்கும் 60 கால்தான், அதனால்தான் ஜப்பான் பெட்டியில் கச்சிதமாக உட்கார்ந்தது.

இது நம் கதை மட்டும் இல்லை. ரஷ்யாவில் 1992 டிசம்பரில் ஸ்டீப்ளர் என்ற கம்பெனி தைவான் நகலுக்கு டெண்டி என்று பெயர் வைத்து விற்றது. தென் கொரியாவில் 1989-ல் ஹூண்டாய் நிறுவனம் உரிமம் பெற்று, காம்பாய் என்ற பெயரில் நிண்டெண்டோ பெட்டியை விற்றது. பிரேசிலில் டெக்டாய் நிறுவனம் சேகாவின் பெட்டியைத் தயாரித்தது. அசல் கம்பெனி நேராக நுழைய முடியாத ஊரிலெல்லாம், உரிமம் வாங்கியோ வாங்காமலோ வேறு பெயரில் ஒரு பெட்டி முளைத்திருக்கிறது.

இந்தியாவில் நிலைமை இன்னும் சிக்கல். வெளிநாட்டு நுகர்பொருளை இறக்குமதி செய்ய இங்கே கட்டுப்பாடு அதிகம். 1991 தாராளமயத்துக்குப் பிறகும் நுகர்பொருட்கள் மீது தடை தொடர்ந்தது. அளவுக் கட்டுப்பாடுகளின் கடைசிப் பட்டியல் நீங்கியது 2001 ஏப்ரல் 1 அன்றுதான். அதுவரை துபாய், சிங்கப்பூர் போய் வந்தவர்களின் பெட்டிதான் பலருக்குக் கடை. எங்கள் வீட்டு வீடியோ கேமும் சித்தப்பாவின் சூட்கேஸில், லுங்கிக்கும் டைகர் பாமுக்கும் நடுவில் வந்ததுதான்.

அசல் கம்பெனிகள் எட்டிப் பார்க்காமல் இல்லை. நிண்டெண்டோவின் பெட்டி இந்தியாவில் சாமுராய் என்ற பெயரில் உரிமத்தோடு விற்றது. சேகா பிடித்த கூட்டாளி இன்னும் சுவாரசியம்: ஷா வாலஸ். ஆமாம், ஹேவார்ட்ஸ் 5000 பீர் விற்ற அதே ஷா வாலஸ்தான் :-) 80 சதவீத இறக்குமதி வரியிலிருந்து தப்பிப்பதற்காக இந்தக் கூட்டு. 1995-ல் மெகா டிரைவின் விலை 18,000 ரூபாய். எங்கள் தெருவில் யாருக்கும் மாதச் சம்பளம் அதில் பாதிகூடக் கிடையாது. மீடியா கம்பெனியின் லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர் என்றெல்லாம் பெயர் போட்டு வந்த நகல்கள்தான் நம் வீடுகளுக்குள் நுழைந்தன. அதுவும் இல்லாதவர்களுக்கு மணிக்கு பத்து ரூபாய் கடை இருந்தது.

எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு இந்தப் பொருட்களின் தலைநகரம் சென்னை பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களின் பிழைப்புக்காக 1960-களில் உருவான கடைத்தெரு. தில்லிக்காரர்களுக்கு அதே இடத்தில் இருப்பது பாலிகா பஜார். கனாட் பிளேஸ் நடுவில் இருந்த காபி ஹவுஸை நெருக்கடி நிலைக் காலத்தில் இடித்துவிட்டு, 1970-களின் இறுதியில் பூமிக்கு அடியில் கட்டிய ஏசி சந்தை. மொத்த வியாபாரம் வேண்டுமென்றால் செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத் ராய் மார்க்கெட். என் வயதுடைய தில்லி நண்பர்கள் பாலிகாவைப் பற்றிப் பேசும்போது அவர்கள் முகத்தில் வரும் வெளிச்சமும், நான் பர்மா பஜாரைப் பற்றிப் பேசும்போது வருவதும் ஒன்றுதான். பேரம், ஏமாற்று, வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்தால் ஓடாத கேசட் எல்லாம் சேர்த்துத்தான் அந்த வெளிச்சம்.

ஜப்பான் பெட்டி வந்த அடுத்த வாரம், அந்தக் கால நகல் ஒன்று கிடைக்குமா என்று பாலிகாவுக்குப் போனேன். நாலு கடையில் தலையாட்டி அனுப்பிவிட்டார்கள். ஐந்தாவது கடையில் இருந்த பெரியவர் மட்டும் நின்று பேசினார்.

"அது எதுக்கு உங்களுக்கு? புது பெட்டி தர்றேன், ஐந்நூறு கேம் உள்ளேயே இருக்கு, கேசட்டே வேண்டாம்."

"இல்லை பாய் சாப், பழசுதான் வேணும். கேசட் போடறது."

அவர் சிரித்தார். "இங்கே மூட்டை மூட்டையாக் கிடந்தது. எல்லாம் கபாடிக்குப் போயிடுச்சு. நகல்தானே, அதை யார் வெச்சுப்பாங்க?"

கபாடி என்றால் நம் ஊர் காயலான் கடை. தில்லியில் இப்படிப்பட்ட மின்னணுக் கழிவு போய்ச் சேரும் பெரிய இடம் சீலம்பூர். அங்கே போர்டுகளைக் கையால் பிரித்து, செம்புக்காகவும் துளித் தங்கத்துக்காகவும் எரித்தும் ஆசிட்டில் போட்டும் பிழைக்கிறார்கள். 2011-லிருந்து இதற்கென்று சட்ட விதிகள் உண்டு. ஆனாலும் அந்த வேலை அங்கே நிற்கவில்லை. கேசட்டின் பளபளக்கும் கால்களும் அங்கேதான் போயிருக்கும்.

"நகல்தானே" என்ற வார்த்தை மெட்ரோவில் திரும்பி வரும் வழியெல்லாம் குடைந்தது. 2021-ல் அமெரிக்காவில் உறை பிரிக்காத ஒரு சூப்பர் மரியோ கேசட் 20 லட்சம் டாலருக்கு விற்றது. ஆடவே ஆடாத கேசட்டுக்கு அந்த விலை. ஒரு தெருவே கூடி ஆடித் தேய்த்த கேசட்டுக்கு இங்கே எடைக்கல். சேகரிப்பவர்கள் உலகத்தில் அசலுக்குத்தான் மரியாதை, நகல் என்றால் குப்பை. நானும் அந்த எண்ணத்தில்தான் ஜப்பானுக்குச் சொல்லிவிட்டேன். வந்து சேர்ந்த அசல் என் பால்யத்தில் இல்லாத ஒன்று.

நகலை நியாயப்படுத்த வரவில்லை. அந்த கேம்களை எழுதியவர்களுக்கு நம் மஞ்சள் கேசட்டிலிருந்து ஒரு பைசா போகவில்லை. போதாக்குறைக்கு, திரையில் இருந்த கம்பெனிப் பெயரையும் பல கேசட்டுகளில் அழித்திருந்தார்கள். நிண்டெண்டோ என்ற பெயரே எனக்குக் கல்லூரியில்தான் தெரியும். '9999999 இன் 1' என்று லேபிளில் போட்டிருக்கும், உள்ளே இருப்பதோ விரல் விட்டு எண்ணும் கேம்கள். அதையே வேறு வேறு லெவலில் ஆரம்பித்துப் பட்டியலை நீட்டியிருப்பார்கள். இந்தியாவில் உருவான முதல் பிளேஸ்டேஷன் 2 கேமான 'ஹனுமான்: பாய் வாரியர்' வந்தது 2009-ல். ஹைதராபாத் கம்பெனி செய்தது. அதற்குள் பிளேஸ்டேஷன் 3 வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. காசு கொடுத்து வாங்கும் சந்தை இல்லாத ஊரில் கேம் எழுத யார் வருவார்கள்? அமெரிக்க வணிகப் பிரதிநிதி அலுவலகம் வெளியிட்ட 2021-ம் ஆண்டின் போலிச் சந்தைகள் பட்டியலிலும் பாலிகா பஜாரின் பெயர் இருந்தது. அந்தக் கணக்கு தனி.

ஆனால் வரலாறு என்பது நல்லவை மட்டும் சேர்ந்தது இல்லையே. என்ன இறக்குமதி ஆனது, என்ன தடுக்கப்பட்டது, ஒரு நடுத்தரக் குடும்பம் எதற்குக் காசு கொடுக்க முடிந்தது என்பதற்கெல்லாம் அந்த மஞ்சள் கேசட் ஒரு சாட்சி. அசலை ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பத்திரமாக வைத்திருப்பார்கள். நம் நகலை நாம் வைத்தால்தான் உண்டு.

வைத்திருப்பதும் லேசில்லை. சிறுவயதில் கேசட் ஓடவில்லை என்றால் வாயால் ஊதுவோம். அது தப்பு. எச்சில் ஈரம் பட்டுக் கால்கள் அரித்துப் போகும். மறுபடி செருகியதால் ஓடியதை ஊதியதால் ஓடியது என்று நம்பியிருக்கிறோம். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் போதும். நகல் கேசட்டுக்குள் தனிச் சிப்பு தெரியாது, கறுப்புத் தார் சொட்டு மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். அது போனால் போனதுதான், மாற்ற முடியாது. வாத்து சுடும் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பழைய குண்டு டிவியையும் தூக்கிப் போடாதீர்கள். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெளுக்கும். அந்த வெளிச்சத்தைத் துப்பாக்கி உடனே பார்க்க வேண்டும். எல்சிடி டிவி அந்த நேரக் கணக்குக்கு ஒத்து வராது. ஒரு டயனோராவோ சாலிடேரோ ஊரில் யார் வீட்டிலாவது தூங்கிக்கொண்டிருந்தால் விசாரித்து வையுங்கள்.

அன்று இரவு அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அம்மா, சித்தப்பா கொண்டு வந்த வீடியோ கேம் பொட்டி என்னாச்சு? பரண்ல கேசட்டு மட்டும்தானே இருந்துது?"

"அதுவா? அண்ணன்தான் ரிப்பேர் பண்றேன்னு கழட்டினான். பாதி அந்த பிரிட்டானியா டப்பாவுல கிடக்கு. எடைக்குப் போடலாம்னு இருந்தேன்டா."

"போட்டுடாதேம்மா!" என்று நான் கத்தியதில் பக்கத்து அறையிலிருந்து மகன் எட்டிப் பார்த்தான்.

டப்பா போன வாரம் கூரியரில் வந்தது. போர்டு முழுசாக இருக்கிறது. ஜாய்ஸ்டிக் வயர் ஒன்று அறுந்திருக்கிறது, பவர் சுவிட்ச் இல்லை. இரண்டும் லஜ்பத் ராய் மார்க்கெட்டில் கிடைக்கும். சாமான்களை ஒரு கவரில் போட்டு, மேலே ஒரு சீட்டு ஒட்டினேன்: 'துபாயில் வாங்கியது, 1996. தஞ்சாவூரில் ஆடியது. நகல். 50 ஹெர்ட்ஸ்.' வரும் சனிக்கிழமை சால்டரிங் அயர்னோடு உட்கார வேண்டும். ஓடினால், மகனை அந்த முதல் குழியைத் தாண்டச் சொல்லிப் பார்க்க வேண்டும்.