நின்ற ஒளி

2001 ஜனவரியில் உலகப் பத்திரிகைகள் பலவும் விஞ்ஞானிகள் ஒளியை நிறுத்திவிட்டார்கள் என்ற பொருளில் செய்தி வெளியிட்டன. அந்தச் செய்தி முழுப் பொய்யுமல்ல, முழு மெய்யுமல்ல. பத்தாம், பதினோராம் வகுப்புகளுக்கு விஞ்ஞானம் கற்பிப்பவன் என்ற வகையில் அதன் பின்னாலுள்ள வரலாற்றைப் பல வருடங்களாகத் தேடிப் படித்து வருகிறேன். அதில் ஒரு பகுதியையேனும் இலக்கிய வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது.

ஒளி மெதுவாவது புதுமையான விடயமல்ல. வெற்றிடத்தில் செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் செல்லும் ஒளி, தண்ணீருக்குள் 2 இலட்சத்து 25 ஆயிரம் கிலோமீற்றர்தான் செல்கிறது. ஒளி செல்வதற்கு நேரம் பிடிக்கும், அடர்ந்த ஊடகத்தில் அது மெதுவாகும் என்று பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதியவர் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம். அவரது 'கிதாபுல் மனாழிர்' என்ற நூல் ஒளியியலின் அடிப்படை நூல்களுள் ஒன்று. இந்த இடத்துக்கு வந்ததும் நம்மவர்களின் பேனா வழக்கமாக 'எல்லாவற்றையும் அன்றே கண்டுவிட்டோம்' என்று எழுதி ஓய்ந்துவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. இப்னுல் ஹைதம் தர்க்கத்தால் அந்த முடிவுக்கு வந்தார். அதை அளக்கும் கருவி அவரிடம் இருக்கவில்லை. அவருக்குப் பின் வந்த நியூட்டனோ தண்ணீரில் ஒளி வேகமாகச் செல்லும் என்று கருதினார். 1850இல் பாரிஸில் பூக்கோ சுழலும் கண்ணாடியொன்றைக் கொண்டு தண்ணீரில் ஒளி மெதுவாவதை நிரூபித்தார். எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் நியூட்டன் பிழைத்து இப்னுல் ஹைதம் வென்றது சிறிய கௌரவமா? அதற்கு மேலும் அவர் தலையில் ஏற்றிவைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையல்ல.

தண்ணீரும் கண்ணாடியும் ஒளியின் வேகத்தில் காற்பங்கு, மூன்றிலொரு பங்குதான் குறைக்கும். மிகவும் மெதுவாக்க வேண்டுமானால் ஓர் அணுவுக்கே உரிய நிறத்தில் ஒளியை அனுப்ப வேண்டும். அடுப்பு நெருப்பில் உப்பைத் தூவினால் சுவாலை மஞ்சளாகும் அல்லவா? அது சோடியத்தின் நிறம். அதே மஞ்சள் ஒளியைச் சோடிய ஆவிக்குள் அனுப்பினால் ஆவி அதை விழுங்கிவிடும். ஒளி எங்கே மிக மெதுவாகுமோ அங்கேயே அது மாண்டும் போகிறது. நெடுங்காலம் வழியை அடைத்து நின்றது இந்தச் சிக்கல்தான்.

அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஹரிஸும் அவரது மாணவர்களும் 1990ஆம் ஆண்டளவில் இதற்கு வழி கண்டனர். மாணவர்களுள் ஒருவர் துருக்கியரான அதாச் இமாமோக்லு. அவர்களது வழி, இரண்டாவது லேசர்க் கதிரொன்றையும் கூடவே பாய்ச்சுவது. அப்போது இலத்திரன் மேல்மட்டத்துக்கு ஏற இரண்டு பாதைகள் உண்டாகி, அவை ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஏற வழியற்ற அணுவால் ஒளியை விழுங்க முடியாது. ஆவி கண்ணாடிபோல் தெளிந்துவிடும். அந்த ஒடுங்கிய தெளிவுக்குள் முறிவுச் சுட்டி நிறத்துக்கு நிறம் செங்குத்தாக மாறுவதால், பல நிறங்கள் சேர்ந்த ஒளித்துடிப்பு ஊர்ந்தே செல்ல வேண்டியதாகிறது.

இதை உச்சத்துக்குக் கொண்டுசென்றவர் டென்மார்க்கைச் சேர்ந்த லெனே ஹவ் என்ற பெண்மணி. அவர் படித்தது கோட்பாட்டுப் பௌதிகவியல். மிகக் குளிர்ந்த அணுத்திரளை உருவாக்க நிதி கேட்டபோது, கோட்பாட்டாளரான அவருக்கு அத்தகைய பரிசோதனை கடினம் என்று கூறி அமெரிக்கத் தேசிய விஞ்ஞான மன்றம் மறுத்துவிட்டது. வேறிடத்தில் நிதி தேடி அவர் அதைச் செய்து முடித்தார்.

அந்தக் குளிர்ந்த திரளுக்கும் ஒரு முன்கதை உண்டு. அது நமக்கு அண்மையில் நடந்தது. 1924இல் டாக்காப் பல்கலைக்கழகத்தில் ரீடராக இருந்த சத்தியேந்திரநாத் போஸ், தனது கட்டுரையொன்றை ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டீன் அதைத் தாமே ஜெர்மன் மொழியில் பெயர்த்துப் பிரசுரிக்கச் செய்ததோடு, அதன் வழியே சென்று, கடுங்குளிரில் அணுக்கள் ஒரே நிலையில் ஒடுங்கும் என்றும் கணித்தார். அந்த நிலையை ஆய்வுகூடத்தில் கண்டது 1995இல்தான்.

மசாசூசெற்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ரோலண்ட் நிலையத்தில், தனிப்பூச்சியத்துக்கு மேல் ஒரு பாகையின் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான வெப்பநிலைக்குச் சோடிய அணுக்களைக் குளிர்த்தி, ஹவ் குழுவினர் ஒளியைச் செக்கனுக்கு 17 மீற்றராக மெதுவாக்கினர். 1999 பெப்ரவரியில் 'நேச்சர்' சஞ்சிகையில் வந்த அந்த அறிக்கையில் ஹரிஸின் பெயரும் இருந்தது. மணிக்கு 61 கிலோமீற்றர்! நமது தனியார் பஸ்கள் அதை முந்திவிடும். துடிப்பின் முன்பகுதி அணுத்திரளுக்குள் ஊரும்போது பின்பகுதி வெளியில் பழைய வேகத்தில் ஓடிவருவதால், முக்கால் கிலோமீற்றர் நீளமான துடிப்பு ஒரு மயிரின் தடிப்புக்குச் சுருங்கியது. முழுத் துடிப்பும் திரளுக்குள் அடங்கிவிட்டது.

அது உள்ளே இருக்கும்போது இரண்டாவது கதிரை அணைத்தால்? 2001இல் இரண்டு குழுக்கள் செய்தது அதையே. ஹவ் குழு குளிர்ந்த சோடியத்தில் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் வரை துடிப்பை வைத்திருந்தது. அதே நகரில் வோல்ஸ்வர்த், லூகின் ஆகியோரின் குழு, தண்ணீரின் கொதிநிலையை எட்டாத சூட்டிலிருந்த றுபீடிய ஆவியில் அதன் பாதி நேரம் வைத்திருந்தது. பத்திரிகைகள் குளிரைக் கொண்டாடின. என்னை வியக்க வைப்பது இந்தச் சூடான கண்ணாடிக் குடுவைதான்.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "வெளிச்சம் நிண்டா அந்த இடம் இருட்டாத்தானே சேர் இருக்கும்?"

அவள் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. கதிரை அணைத்த பின் அந்தத் திரளுக்குள் துடிப்பின் ஒளி இல்லை. அதன் சக்தியில் பெரும்பகுதி இரண்டாவது கதிரோடு ஏற்கெனவே வெளியேறிவிட்டது. எஞ்சியிருப்பது அணுக்களின் சுழற்சி நிலைகளில் பதிந்த துடிப்பின் வடிவம். கதிரை மீண்டும் பாய்ச்சும்போது அது சக்தியைக் கொடுக்க, பழைய துடிப்பு அதே வடிவில் எழுகிறது. கவி பாடும் மூதாட்டி வாய்மூடி இருக்கும்போது கவி எங்கே இருக்கிறது? காற்றில் ஓசை இல்லை. ஆனால் ஓர் எழுத்தும் தொலையவில்லை. 2007இல் ஹவ் குழு இதைத் திட்டவட்டமாகக் காட்டியது. ஓர் அணுத்திரளில் மறைந்த துடிப்பின் பதிவைச் சுமந்து சென்ற அணுக்கள், 160 மைக்கிரோமீற்றர் தள்ளியிருந்த மற்றொரு திரளில் அதே துடிப்பை எழச்செய்தன.

இதன் பயன் குவாண்டம் தொடர்பாடலில் இருக்கிறது. அங்கே செய்தியைச் சுமப்பவை ஒற்றைப் போட்டன்கள். அவற்றைப் பிரதி எடுக்கவோ பெருக்கவோ இயற்கை விதி இடந்தராது. நீண்ட இழைகளில் அவை தொலைந்தும் போகும். ஆகவே, இடைவழியில் தரித்துச் செல்ல அவற்றுக்குத் தங்குமடம் வேண்டும். 2005இல் ஒற்றைப் போட்டனையே அணுக்களில் வைத்து மீட்டனர். 2013இல் ஜெர்மனியின் டாம்ஸ்ரட் நகரில் பளிங்கொன்றுக்குள் ஒளியை ஒரு நிமிடம் வைத்திருந்தனர். 2021இல் சீனாவின் ஹெபெய் நகர ஆய்வாளர்கள் வேறொரு முறையால், யூரோப்பியம் கலந்த பளிங்கில் அதை ஒரு மணித்தியாலமாக்கினர். தடையின்றிச் சென்றிருந்தால் அந்நேரத்தில் ஒளி வியாழனையும் தாண்டி 108 கோடி கிலோமீற்றர் போயிருக்கும். ஆனால் அங்கே வைக்கப்பட்டது பிரகாசமான துடிப்பு, ஒற்றைப் போட்டன் அல்ல.