போர்க்கால ஆங்கிலேயத் தளவாடச் சேகரிப்பு: திருவள்ளூர் வட்டாரம்

இரு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் படைகள் கையாண்ட துப்பாக்கி, குண்டுறை, ஊர்தி, களக் கருவி முதலியவற்றைச் சுடவும் வெடிக்கவும் இயலாத நிலையில் தேடிப் பாதுகாப்பது போர்க்காலத் தளவாடச் சேகரிப்பு எனப்படும். பிரிட்டனில் இது சட்டத்தின் துணையோடு வளர்ந்த பொழுதுபோக்கு. ஹங்கர்ஃபோர்டு நகரில் 1987இல் நடந்த துப்பாக்கிச் சூட்டை அடுத்து இயற்றப்பட்ட 1988ஆம் ஆண்டுச் சட்டம், செயலிழக்கச் செய்யப்பட்ட ஆயுதத்துக்கு இலண்டன் அல்லது பர்மிங்காம் சோதனை மனையின் முத்திரையும் சான்றிதழும் பெறும் வழியை வகுத்தது. அவ்வாறு சான்று பெற்றது துப்பாக்கியாகக் கருதப்படாமல் வெறும் காட்சிப்பொருளாகக் கைமாறலாயிற்று. அதே படைகள் தளம் அமைத்திருந்த இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் இவ்வரலாறு வேறு திசையில் சென்றது. இங்கே படைப்பொருளுக்கு விலை வைத்தவர் பெரும்பாலும் சேகரிப்பாளர் அல்லர். பழைய இரும்பு வாங்குபவரே.

இரண்டாம் உலகப் போரின்போது சென்னையின் வடக்கிலும் மேற்கிலும் இருந்த ஊர்கள் படைத்தளங்களாயின. ஆவடியில் படைமுகாமும் தளவாடக் கிடங்குகளும் எழுந்தன. செங்குன்றம் ஏரியிலிருந்து அரச விமானப் படையின் 240ஆம் அணியைச் சேர்ந்த கேட்டலினா என்னும் நீர்விமானங்கள் வங்காள விரிகுடாவின் மேல் கண்காணிப்புப் பறப்பு மேற்கொண்டன. கும்மிடிப்பூண்டி செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிய சோழவரத்தில் விமான ஓடுதளம் அமைந்தது. இவற்றுள் பொதுமக்கள் நினைவில் நெடுங்காலம் நின்றது சோழவரமே. ஆனால் அது போரினால் அன்று. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென ஓடுதளம் அமைக்கும் வரை அங்கே நடத்திய கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களால்தான்.

போர் முடிந்தபின் படைகளிடம் மிஞ்சிய சரக்கை அரசு ஏலத்தில் விற்றது. ‘டிஸ்போசல் சரக்கு’ என்று மக்கள் வழங்கிய அதில் ஜீப், லாரி, மோட்டார் சைக்கிள், கூடாரத் துணி, தண்ணீர்க் குடுவை என எல்லாம் இருந்தன. வாங்கியவர்கள் அவற்றைக் காட்சிக்கு வைக்கவில்லை. ஓட்டினார்கள், சுமை ஏற்றினார்கள், பழுதானபோது கழற்றி வேறொன்றில் பொருத்தினார்கள். இன்று பழைய ஊர்தி ஆர்வலர்கள் நாடும் பி.எஸ்.ஏ. எம்20 மோட்டார் சைக்கிள் போர்க்காலத்தில் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. எனினும் உற்பத்தியானபோது இருந்த உறுப்புகள் மாறாமல் ஒன்று கிடைப்பது அரிது. ஜீப்பின் நிலை சற்று மேல். மகிந்திரா நிறுவனம் சுதந்திரத்துக்குப் பின் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவிலேயே பூட்டத் தொடங்கியதால் உதிரிப் பாகங்கள் கிடைத்துவந்தன. அமெரிக்காவில் பிறந்த அவ்வண்டி, பிரிட்டிஷ் படையின் சொந்த ஊர்திகளைவிட நெடுநாள் சாலையில் நிலைத்தது.

துப்பாக்கியைப் பொறுத்தவரை, செயலிழப்பு என்பதை இந்நாட்டில் பலர் நேரில் கண்டது மாணவர் படையில்தான். தேய்ந்துபோன .303 லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகளின் தோட்டா அறையைத் துளையிட்டு, ‘டி.பி.’ என்று முத்திரையிட்டு, அணிவகுப்புக்கு மட்டும் கொடுப்பது வழக்கம், டி.பி. என்பது பயிற்சிக்கு மட்டும் உரியது என்பதன் சுருக்கம். இத்தகைய துப்பாக்கியால் சுட முடியாது. ஆயினும் அது அரசின் கணக்கில் இருக்கும் பொருள், தனியார் வீட்டுச் சுவருக்கு உரியதன்று.

எஞ்சியவற்றின் முடிவை உலைகளே தீர்மானித்தன. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றியும் பெருகிய கம்பி ஆலைகள், தூண்டல் உலையில், அதாவது மின்காந்தத் தூண்டலால் உலோகத்தைச் சூடேற்றும் உலையில், பழைய இரும்பை உருக்கிக் கட்டுமானக் கம்பி ஆக்குகின்றன. காயலான் கடையிலிருந்து வருவதும் துறைமுகத்தில் இறங்குவதும் அங்கே ஒரே எடைக்கணக்குதான். ஆனால் செயலிழக்காத தளவாடம் இத்தொழிலுக்கு நேரடியான உயிர் அபாயம். 2004 செப்டம்பர் இறுதியில் காசியாபாத் அருகே ஓர் இரும்பாலையில், இறக்குமதியான பழைய இரும்போடு வந்த குண்டு வெடித்துப் பத்துத் தொழிலாளர்கள் இறந்தனர். அதன்பின், துண்டாக்கப்படாத பழைய இரும்பை இறக்குமதி செய்ய, ஆயுதமோ வெடிபொருளோ கலக்கவில்லை என்று ஏற்றுமதிக்கு முன் சோதித்து அளிக்கும் சான்றிதழ் கட்டாயமாயிற்று. வெளிநாட்டுச் சேகரிப்பாளர் விரும்பித் தேடும் வெற்றுக் குண்டுறை, உலைக்காரர் மிகவும் அஞ்சும் பொருளானது இவ்வாறுதான்.

இவ்வட்டாரத்தின் படைத்தளவாடங்களுள் உலைக்குத் தப்பிக் காட்சிப்பொருளாகப் பரவலாக நிலைத்தது போர்க்காலப் பொருளன்று. அதன் வாரிசு எனத்தக்க விஜயந்தா டாங்கிதான். பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவன வடிவமைப்பில், 105 மில்லிமீட்டர் பீரங்கியுடன், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதல் வண்டி வெளிவந்தது. படையிலிருந்து விலக்கப்பட்ட பின் பல வண்டிகள் நாடெங்கும் நினைவுச் சின்னங்களாகப் பீடமேறின. போரைக் காட்டும் சிறு பொருள்களைத் தேடுவோர் இன்றும் சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்துக்கே செல்லவேண்டும். அங்குள்ள புகழ்பெற்ற குண்டுச் சிதறலும் ஆங்கிலேயருடையது அன்று, 1914 செப்டம்பர் 22 அன்று நகரத்தைத் தாக்கிய ஜெர்மானியக் கப்பல் எம்டனுடையது.

இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, வழக்கொழிந்ததோ தொன்மை மதிப்புடையதோ பழுதானதோ ஆன ஆயுதம், பழுது பார்த்தாலும் சுடப் பயன்படாததாயின், அதற்கு விலக்கு அளிக்கிறது. இந்த விலக்கு குறுகியது. துளையிட்டோ உறுப்பை எடுத்தோ வைத்துள்ள துப்பாக்கியைச் சீரமைக்க முடியுமெனில் அது விலக்குக்குள் அடங்காது. நிலத்தடியிலோ பழைய இரும்புக் குவியலிலோ குண்டுறை தென்பட்டால், அதன் வயது எதுவாயினும் தொடாமல் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உள்ளே மருந்து உண்டா இல்லையா என்பதை வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவினரே சோதித்துச் சொல்ல முடியும்.