திருடனும் திருடியவனும்: 'ஏழை படும் பாடு' படத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

தமிழ்த் திரைப்பட வரலாற்றில் ஒரு நடிகரின் பெயருக்கு முன்னால் பிரெஞ்சு நாவலொன்றின் காவல் அதிகாரி நிரந்தரமாகக் குடியேறிவிட்டார். வழக்கறிஞராகப் பயின்ற ந. சீதாராமன், 1950இல் வெளிவந்த 'ஏழை படும் பாடு' படத்தில் ஜாவர் என்னும் காவல் ஆய்வாளராக நடித்தார். அதன்பின் இறுதிவரை அவர் 'ஜாவர்' சீதாராமன்தான். அதே படத்தில் தண்டனை பெற்று, தலைமறைவாகி, மறுவாழ்வு தேடும் கந்தனாக நடித்தவர் சித்தூர் வி. நாகையா. மக்களின் கண்ணீரைப் பெற்றது கந்தன். மொழியில் நிலைத்தது ஜாவர். துரத்தப்பட்டவனின் பெயர் நிற்காமல் துரத்தியவரின் பெயர் நின்றது தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும், தப்பியோடியவன் திருந்தி வாழ முயலும் கதை தமிழுக்கு வந்தபோது என்னவாயிற்று என்று கேட்பதற்கு அது நல்ல தொடக்கம்.

முதலில் படத்தைப் பற்றி. விக்டர் ஹியூகோ 1862இல் வெளியிட்ட 'லே மிசராப்ள' நாவலைத் தமிழாக்கியவர் கவியோகி சுத்தானந்த பாரதியார். பிரெஞ்சு அறிந்தவர், புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் நெடுங்காலம் வாழ்ந்தவர். அவருடைய தமிழாக்கத்தின் தலைப்பே படத்தின் தலைப்பாயிற்று. கோயம்புத்தூர் பட்சிராஜா நிறுவனத்தின் சார்பில் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு தயாரித்தார். இயக்கியவர் கே. ராம்நாத். தெலுங்கில் இதே படம் 'பீதல பாட்லு' என்ற பெயரில் வெளிவந்தது.

ராம்நாத் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். இப்படத்தில் நடித்த லலிதா, பத்மினி சகோதரிகளோ இந்நகரின் பூஜப்புராவைச் சேர்ந்தவர்கள். இங்குள்ளோர்க்குப் பூஜப்புரா என்றால் முதலில் நினைவுக்கு வருவது 1886இல் எழுந்த மத்தியச் சிறைச்சாலை. ஒரு கைதியின் கதையைத் தமிழில் சொன்ன படத்தில் இந்நகரத்துக்குக் கணிசமான பங்குண்டு என்பதை இங்குள்ள திரைப்பட ஆய்வாளர்கள்கூட அதிகம் பேசுவதில்லை.

இதே காலத்தில் ஹாலிவுட் இக்கதையை வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. 1932இல் மெர்வின் லெராய் இயக்கத்தில் பால் முனி நடித்த 'ஐ ஆம் எ ஃப்யூஜிடிவ் ஃப்ரம் எ செயின் கேங்' வெளிவந்தது. ஜார்ஜியா மாநிலத்தின் சங்கிலிக் கைதிகள் முகாமிலிருந்து தப்பிய ராபர்ட் எலியட் பர்ன்ஸ் என்பவரின் தன்வரலாற்றை அடிப்படையாகக் கொண்ட படம் அது. அதன் நாயகன் திருந்துவதற்கு ஏதுமில்லை. திருந்த வேண்டியது சட்டம். இறுதியில் அவன் இருளுக்குள் பின்வாங்கி மறைகிறான். 1934இல் தயாரிப்பு நெறிமுறைக் குழு இறுக்கமாகச் செயல்படத் தொடங்கியபின் இத்தகைய முடிவுகள் அரிதாயின. குற்றத்தின் பக்கம் பார்வையாளரின் அனுதாபம் சாயலாகாது. குற்றம் தண்டனையின்றித் தப்பலாகாது. ஆகவே 'ஹை சியர்ரா' (1941) படத்தில் ஹம்ப்ரி போகார்ட் ஏற்ற பாத்திரம், ஊனமுற்ற ஒரு பெண்ணின் சிகிச்சைக்கு உதவியபின்னும், மலைமேல் சுட்டுக் கொல்லப்படுகிறது. 'அவுட் ஆஃப் தி பாஸ்ட்' (1947) நாயகன் சிற்றூரொன்றில் வேறு பெயரில் அமைதியாக வாழ்கிறான். பழைய வாழ்க்கை அவனைத் தேடி வந்து அழிக்கிறது. ஹியூகோவின் நாவலையே ரிச்சர்ட் போலஸ்லாவ்ஸ்கி 1935இல் படமாக்கினார். சார்லஸ் லாட்டன் ஜாவராக நடித்தார். நெறிமுறைக் காலத்து ஹாலிவுட்டில் மீட்பு என்பது பெரும்பாலும் மரணத்துக்கு முந்தைய சில நிமிடங்கள்.

இனித் தலைப்புக்கு வருவோம். பிரெஞ்சில் 'மிசராப்ள' என்ற சொல்லுக்கு இரு பொருள்: துயருற்றவன், இழிந்தவன். நாவலின் அறவுரை முழுவதும் இவ்விரு பொருளுக்கும் இடையிலுள்ள குறுகிய சந்தில்தான் நடக்கிறது. மலையாளத்தில் நாலப்பாட்டு நாராயண மேனன் 1925இல் ஆங்கிலவழி மொழிபெயர்த்தபோது 'பாவங்ஙள்' என்று பெயரிட்டார். மலையாளத்தில் 'பாவம்' என்றால் இரங்கத்தக்க எளியவர். தீவினைக்கு அங்கே 'பாபம்' என்ற வேறு சொல் உண்டு. எனவே அத்தலைப்பு ஐயத்துக்கு இடமின்றி எளியவர்களையே சுட்டுகிறது. தமிழரோ அதே தலைப்பைத் 'தீவினைகள்' என்று படிப்பார்கள்.

ஆனால் தமிழிலும் 'பாவம்' ஒற்றைப் பொருளுடையதன்று. 'பாவம் செய்தான்' என்கிறோம். 'ஐயோ பாவம்' என்றும் இரங்குகிறோம். பிரெஞ்சுச் சொல்லின் இரட்டைப் பொருளுக்குத் தமிழில் இதைவிட நெருங்கிய இணை கிடைப்பது கடினம். அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் சுத்தானந்த பாரதியார் 'ஏழை'யைத் தேர்ந்தார். இத்தேர்வில் ஓர் இழப்பு உண்டு. ஒரு வாதமும் உண்டு. குற்றத்தின் நிழல் தலைப்பிலிருந்து முற்றிலும் விலகுகிறது. பசித்த குழந்தைகளுக்காக ரொட்டி திருடியவன் முதலில் ஏழை. அவன் திருட்டு, அவன் 'படும் பாடு'களில் ஒன்று. ஹாலிவுட் நெறிமுறை தடைசெய்ய விரும்பிய அனுதாபத்தைத் தமிழ்த் தலைப்பு முன்கூட்டியே வழங்கிவிடுகிறது.

ஜாவரின் மொழி இதற்கு நேர் எதிரானது. அவருடைய பார்வையை ஒரே இலக்கணக் குறிப்பால் விளக்கிவிடலாம். 'திருடியவன்' என்பது வினையாலணையும் பெயர். அது காலம் காட்டும்; செயல் முடிந்துவிட்டது என்று சொல்லும். இன்று அவன் வேறொருவனாக இருக்க அது இடம் விடுகிறது. 'திருடன்' என்பதில் காலம் இல்லை. நேற்றும் இன்றும் நாளையும் அவன் அதுவே. ஜாவருக்குத் தெரிந்தது இரண்டாவது சொல் மட்டுமே. தப்பியோடி மறுவாழ்வு தேடும் எல்லாக் கதைகளும் இவ்விரு பெயர்களுக்கு இடையிலான வழக்குகள்தாம்: காலம் காட்டாத பெயரால் அழைக்கப்படும் ஒருவன், காலம் காட்டும் பெயருக்காகப் போராடுகிறான்.

1950இல் படம் பார்த்த தமிழர் பலர்க்கு இது அயல்நாட்டுச் சிக்கலாகத் தோன்றியிருக்க முடியாது. ஹியூகோவின் நாயகன் விடுதலைக்குப் பின்னும் மஞ்சள் நிறக் கடவுச்சீட்டு ஏந்தித் திரிகிறான். அதைக் கண்டதும் கதவுகள் மூடுகின்றன. தமிழ்நாட்டில் 'ராதாரிச் சீட்டு' இருந்தது. 1871இல் பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்த குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. மக்கள் அதனைக் கைரேகைச் சட்டம் என்றனர். அச்சட்டத்தின்கீழ் வந்த ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் வருகை தர வேண்டும். ஊர் தாண்டச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் இதை எதிர்த்தோர்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் இச்சட்டம் நீங்கியது 1947இல். படம் வெளிவருவதற்கு மூன்றே ஆண்டுகளுக்கு முன். நீங்கிய மறு ஆண்டே, 1948இல், வழக்கக் குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. நாடு முழுதும் பழைய சட்டம் ஒழிந்தது 1952இல்தான்.

'குற்றப் பரம்பரை' என்ற தொடரை மேற்சொன்ன இலக்கணத்தோடு சேர்த்துப் பாருங்கள். 'திருடன்' காலத்தை மட்டுமே நீக்கியது. இது செயலையே நீக்குகிறது. யார், எப்போது, எதைத் திருடினார் என்ற கேள்விக்கு இடமில்லை; பிறப்பே போதும்.

'ஏழை படும் பாடு' போன்ற கதைகளின் எல்லையும் இங்கேதான் புலப்படுகிறது. கந்தன் உண்மையிலேயே ஒரு பொருளைத் திருடியவன். ஒரு பெருந்தகை அவனை மன்னிக்கிறார். அவன் தன் உழைப்பால் அம்மன்னிப்புக்குத் தகுதி பெறுகிறான். தனிமனிதனின் நற்குணம் தனிமனிதனின் கருணையைச் சந்திக்கும் கதை இது. பிறப்பால் குற்றவாளியாக்கப்பட்டவர்களுக்கு இக்கதை பொருந்தாது. செய்யாத குற்றத்துக்கு யாரிடம் மன்னிப்புப் பெறுவது? அவர்களுக்கு வேண்டியது மீட்பன்று, விடுதலை. இவ்வேறுபாட்டைக் கவனிக்காமல் 'மனிதாபிமானப் படம்' என்று பாராட்டிக் கடந்துவிடுவது நம் திரைப்பட வரலாற்றெழுத்தின் பழக்கமாகிவிட்டது.

ராம்நாத்தே 1954இல் 'விடுதலை' என்ற பெயரில் ஒரு படம் இயக்கினார் என்பது சுவையான செய்தி. ஆங்கில எழுத்தாளர் கால்ஸ்வொர்தியின் கதையைத் தழுவிய அதில் கொலையும் மனச்சான்றும் நீதிமன்றமும் சந்தித்தன. நாகையாவே முதன்மைப் பாத்திரமேற்றார். 1956இல் ராம்நாத் இளம் வயதிலேயே மறைந்தார். அதே 1954இல் ஜாவர் சீதாராமன் 'அந்த நாள்' படத்தின் எழுத்தில் பங்கேற்று, அதில் துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தார். ஜாவர் அவரை விடவில்லை.

இக்கதை தமிழில் மீண்டும் வலுவாக எழுந்தது 1972இல், பி. மாதவன் இயக்கிய 'ஞான ஒளி'யில். வியட்நாம் வீடு சுந்தரம் எழுதிய நாடகத்திலிருந்து உருவான படம். தப்பியோடும் ஆன்டனியாகச் சிவாஜி கணேசன், அவனைத் தேடும் காவல் அதிகாரி லாரன்சாக மேஜர் சுந்தரராஜன். எழுதியவருக்கும் துரத்துபவருக்கும் படைப்புகளிலிருந்தே அடைமொழி ஒட்டியிருப்பதைக் காண்க. ஆனால் இங்கே நாயகன் ரொட்டி திருடியவனல்லன். மகளின் வாழ்வைக் கெடுத்தவனைக் கொன்றவன். சூழல் தேவாலயம். சொற்கள் பாவம், மன்னிப்பு, ஒளி. 22 ஆண்டுகளில் ஏழை மறைந்து, பாவி வந்துவிட்டான். பசி என்ற காரணம் கழன்று, தனிமனித ஆன்மாவின் போராட்டம் மட்டும் எஞ்சியது. இம்மாற்றத்தை நடிப்பின் வெற்றியாக மட்டும் பார்க்காமல், சமூகக் காரணத்திலிருந்து குற்றத்தைப் பிரித்தெடுத்த நிகழ்வாகவும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

சீர்மரபினர் என்று இன்று அரசு ஆவணங்கள் வழங்கும் பெயர், பழைய பெயரின் மறுப்பாகவே உருவானது. பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர் என்னும்போதும் பட்டியல் நினைவூட்டப்படுகிறது. செய்தித்தாள்களோ 'பழைய குற்றவாளி', 'சரித்திரப் பதிவேடு குற்றவாளி' என்று இன்னும் எழுதுகின்றன. திரைப்படம், சட்டம், இதழியல் ஆகிய மூன்றிலும் குற்றத்துக்கு ஆளானோரைக் குறிக்கும் பெயர்ச்சொற்களை, அவை காலம் காட்டுகின்றனவா இல்லையா என்ற ஒரே அளவுகோலால் தொகுத்தால், ஒரு நல்ல முதுகலை ஆய்வேடு உருவாகும். மாணவர்கள் யாரேனும் முன்வந்தால் மகிழ்வேன். 'ஏழை படும் பாடு', 'விடுதலை' படங்களின் பாட்டுப் புத்தகங்களோ விளம்பரத் துண்டறிக்கைகளோ வீட்டில் வைத்திருப்போர் படியெடுத்துப் பகிர்ந்தால், அன்றைய விளம்பர மொழி கந்தனை எப்பெயரால் அழைத்தது என்பதிலிருந்தே அந்த ஆய்வைத் தொடங்கலாம்.